தாக்குதல் நடத்தியவனின் ஜனாஸாவை (இறுதிச் சடங்கை) ஏற்க மறுப்பது: எங்கள் மஹல்லா கூட்டத்தில் எழுந்த கேள்வி

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து, பள்ளிவாசல் நிர்வாகக் குழு உறுப்பினர்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பள்ளிவாசலில் மாதம் ஒருமுறை இஷா தொழுகைக்குப் பிறகு இளைஞர்களுக்கான கூட்டம் நடத்துகிறோம். சென்ற கூட்டத்தில், மார்க்கத்தின் பெயரால் அப்பாவிகளைக் கொல்பவர்களை முஸ்லிம் சமூகங்கள் எப்படி எதிர்கொண்டிருக்கின்றன என்பதைப் பற்றி நான் பேசினேன். மும்பையில் 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். தாக்கியவர்களில் ஒன்பது பேர் பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டபோது, மெரின் லைன்ஸில் உள்ள பெரிய கபரஸ்தானை நிர்வகிக்கும் ஜமா மஸ்ஜித் டிரஸ்ட் அவர்களுடைய உடல்களை அங்கே அடக்கம் செய்ய இடம் தர மறுத்துவிட்டது. அந்த உடல்கள் ஓராண்டுக்கும் மேலாக ஜே.ஜே. மருத்துவமனையின் பிணவறையில் கிடந்தன. 2010 ஜனவரியில் அரசு அவற்றை இரகசியமாக அடக்கம் செய்தது என்ற செய்தி அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மகாராஷ்டிர சட்டமன்றத்தில் வெளியானது. இதை நான் பெருமையோடுதான் சொன்னேன்.

அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து, "அண்ணே, ஜனாஸாத் தொழுகை இறந்தவருக்குச் சமூகம் செலுத்த வேண்டிய கடமை என்று நமக்கு ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் செய்த பாவத்துக்கு அல்லாஹ்விடம் கணக்குச் சொல்லப் போகிறான். நாம் மண்ணை மறுப்பதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறதா, அல்லது வெளியார் நம்மைச் சந்தேகிக்கக் கூடாது என்பதற்காகச் செய்கிறோமா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கூட்டத்தில் இருந்த மூத்தவர் ஒருவர், அவனைப் பெற்ற தாயும் ஒரு மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பில்) நம்மைப் போல வாழ்பவர்தானே, அவர் எங்கே போய் அழுவார் என்று கேட்டது என் மனத்தை இன்னும் அதிகமாக உலுக்கியது.

மறுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் தம்பிக்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். மார்க்கச் சட்டம் அறிந்தவர்களும், இப்படிப்பட்ட நிலையை நேரில் கண்ட ஊர்களைச் சேர்ந்தவர்களும் தயவுசெய்து விளக்க வேண்டும்.

பதில் 1: வேலூர்ப் பகுதியைச் சேர்ந்த ஆலிம்

வஅலைக்கும் ஸலாம். அந்தத் தம்பியின் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. தொழுகை ஒன்று, மண் வேறொன்று.

ஜனாஸாத் தொழுகை பர்ளு கிஃபாயா; அதாவது, சமூகத்தில் சிலர் நிறைவேற்றிவிட்டால் மற்றவர்கள் மீதுள்ள பொறுப்பு நீங்கிவிடும். அம்பு முனையால் தன்னைத்தானே மாய்த்துக்கொண்ட ஒருவருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவருக்குத் தொழுகை நடத்தவில்லை என்று ஜாபிர் பின் ஸமுரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் இருக்கிறது. இதை வைத்து உமர் பின் அப்துல் அஸீஸ், அவ்ஸாயீ போன்றோர் அத்தகையவருக்குத் தொழுகையே இல்லை என்றார்கள். இமாம் அபூஹனீஃபா, இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பாலோர், தொழுகை உண்டு என்றும், மக்களை எச்சரிப்பதற்காகவே நபியவர்கள் தாம் விலகி நின்றார்கள் என்றும் விளக்கினார்கள். கடனை அடைக்க வழி வைக்காமல் இறந்தவருக்குத் தாம் தொழுவிக்காமல், "உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள்" என்று நபியவர்கள் சொன்ன நிகழ்வையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரின் இமாமும் மக்கள் மதிக்கும் பெரியவர்களும் ஒதுங்கி நிற்பதும், குடும்பத்தார் சிலர் அமைதியாகத் தொழுது முடிப்பதும் இந்த வழியில் வந்த நடைமுறையே. இமாம் அபூஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய கலகக்காரர்களும் வழிப்பறிக் கொள்ளையர்களும் சண்டையில் கொல்லப்பட்டால் அவர்களுக்குத் தொழுகை இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். ஆகவே, லண்டன் பாலத்தில் 2017 ஜூன் 3 அன்று தாக்குதல் நடந்த பிறகு, கொலையாளிகளுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த மாட்டோம் என்று பிரிட்டனில் 130க்கும் மேற்பட்ட இமாம்கள் அறிவித்தது, வெளியாருக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நிலைப்பாடு அல்ல. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வேர் இருக்கிறது.

மண்ணைப் பொறுத்தவரை சட்டம் வேறு. மனித உடலை மூடுவது கடமை. பத்ருப் போரில் எதிர்த்து வந்து மாண்டவர்களின் உடல்களைக்கூட நபியவர்கள் வெளியில் விட்டுவிடவில்லை; பாழ்கிணற்றில் இட்டு மூடச் செய்தார்கள். ஒரு கபரஸ்தானின் நிர்வாகம் தன் பொறுப்பில் உள்ள இடத்தை மறுக்கலாம். ஆனால் அந்த உடல் எங்கோ ஓரிடத்தில் அடக்கம் செய்யப்பட்டே ஆக வேண்டும். அது நடக்கும்வரை சமூகத்தின் மீதும் அரசின் மீதும் அந்தப் பொறுப்பு நிற்கும்.

இதைவிட முக்கியமாக நான் கருதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறுக்கும்போது நாம் எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். "அவன் முஸ்லிமே அல்ல" என்று அறிவிப்பது கேட்பதற்கு உறுதியாக இருக்கிறது. ஆனால் ஒருவரை மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் என்று தீர்ப்பளிக்கும் தக்ஃபீர் என்ற கருவிதான் அந்தக் கொலைகாரர்களின் முதல் ஆயுதம். தர்காவுக்குப் போகிறவர், வாக்களிக்கிறவர், தங்களுக்கு உடன்படாத ஆலிம் என்று ஒவ்வொருவரையும் முதலில் மார்க்கத்தை விட்டு வெளியேற்றிய பிறகே அவர்கள் கொல்லத் துணிகிறார்கள். அலீ (ரலி) அவர்கள், தமக்கு உடன்படாத முஸ்லிம்களைக் காஃபிர்கள் என்று சொன்ன கவாரிஜ் கூட்டத்தாரோடு நஹ்ரவானில் போரிட்டு அவர்களைத் தோற்கடித்தார்கள். ஆனால் அவர்கள் காஃபிர்களா (இறைமறுப்பாளர்களா) என்று கேட்கப்பட்டபோது, குஃப்ரிலிருந்து (இறைமறுப்பிலிருந்து) விரண்டோடியவர்கள் என்றே பதில் சொன்னார்கள். குற்றத்தைக் குற்றம் என்று சொல்லிக் கடுமையாக எதிர்க்கலாம். கொலையாளியின் ஈமானை (இறைநம்பிக்கையை) அளக்கும் தராசை நாம் கையில் எடுக்க வேண்டியதில்லை. தேவ்பந்த் தாருல் உலூம் என்ற பெரிய மதரஸா 2008 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான ஆலிம்களைக் கூட்டிப் பயங்கரவாதத்தைக் கண்டித்தது. அதே ஆண்டு மே 31 அன்று தில்லி ராம்லீலா மைதானத்தில் அதை ஃபத்வாவாகவும் (மார்க்கத் தீர்ப்பாகவும்) அறிவித்தது. இரண்டுமே மும்பைத் தாக்குதலுக்கு முன்பே நடந்தவை.

பதில் 2: கிழக்கு மாகாணம், இலங்கை: ஓய்வுபெற்ற ஆசிரியர்

நான் முஸ்லிம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தலைவனாக இருந்த சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடிக்காரன். நான் படிப்பித்த பாடசாலைக்கும் அந்த ஊருக்கும் அதிக தூரம் இல்லை.

மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சில நாட்களுக்குள்ளேயே தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று அறிவித்தது. காத்தான்குடியிலும் அவர்களுக்கு மையவாடியில் (அடக்கத் தலத்தில்) இடம் இல்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்த முடிவை நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனாலும், ஆலிம் அவர்கள் பேசியது சாவுக்குப் பின்னால் வருகின்ற பதிலைப் பற்றி. எங்கள் சமூகம் சாவுக்கு முன்னால் சொன்ன பதிலைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தம்பி அதையும் அறிய வேண்டும்.

சஹ்ரானின் பேச்சைப் பற்றிக் காத்தான்குடி மக்கள்தான் முதலில் முறையிட்டார்கள். 2017 மார்ச் மாதம் அவனுடைய ஆட்கள் தரீக்காக்காரரோடு (சூஃபி வழியினரோடு) வாளும் தடியுமாக மோதியபோது, பாதிக்கப்பட்டவர்கள் பொலிஸில் முறைப்பாடு செய்தார்கள். அவன் ஊரை விட்டுத் தலைமறைவானான். அவன் தொடங்கிய தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தே பிறகு அவனை விலக்கியது. கொழும்பில் முஸ்லிம் அமைப்புகளின் பொறுப்பாளர்கள் பாதுகாப்புத் துறையினரிடம் அவனைப் பற்றி முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். 2018 டிசம்பரில் மாவனெல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அதைச் செய்தவர்களைக் கண்டுபிடிக்கப் பொலிஸாருக்கு உதவிய ஒரு முஸ்லிம் சகோதரரை, 2019 மார்ச்சில், அவருடைய வீட்டுக்குள்ளேயே வந்து தலையில் சுட்டார்கள். அவர் உயிர் தப்பினாலும் உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உயிர்த்த ஞாயிறு குழுவின் துப்பாக்கி அந்தத் தாக்குதலுக்கு முன்பே ஒரு முஸ்லிமையும் சுட்டது என்பதை நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை. 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லுவில் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன; ஏப்ரல் 4ஆம் திகதி இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கையும் வந்து சேர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் தடுக்கவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் (நாட்டின் உச்ச நீதிமன்றம்) முன்னாள் ஜனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் பொறுப்பாளிகளாக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது.

தாக்குதலுக்குப் பின்னரும் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில், வாடகை வீட்டுக்கு வந்திருந்த அறிமுகமற்றவர்கள் மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. அந்த வீட்டில் இருந்தவர்கள் தங்களைத் தாங்களே வெடிக்கச் செய்தார்கள்; உள்ளே கிடந்த உடல்களில் ஆறு பிள்ளைகளின் உடல்களும் இருந்தன. தகப்பன்மாரே பெற்ற பிள்ளைகளை அப்படிச் செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நித்திரை வருவதில்லை. கெக்கிராவைக்குப் பக்கத்தில் உள்ள மடாட்டுகமவில், அந்த அமைப்போடு தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்பட்ட பள்ளிவாசலை ஊரார் தங்கள் கையாலேயே இடித்தார்கள். அதை வீரச் செயல் என்று நான் சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்துச் சிங்கள மக்களின் நம்பிக்கை போய்விடுமோ என்ற பயமும், தங்களைத் தாங்களே தூய்மைப்படுத்திக்கொள்ளும் தவிப்பும் அதில் கலந்திருந்தன.

இவ்வளவு செய்தும், மே 13ஆம் திகதி குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. தச்சு வேலை செய்து பிழைத்த ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஜூன் 3 அன்று முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் பதவி விலகினார்கள். அடுத்த ஆண்டு கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரிக்க அரசு கட்டளையிட்டபோது, பிறந்து 20 நாளேயான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் கபன் துணியைக் கட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை, ஏறத்தாழ ஓராண்டு, மண் கிடைக்காமல் எங்கள் ஜனாஸாக்கள் காத்திருந்தன. அரசு மன்னிப்புக் கேட்டது 2024இல்தான்.

அந்தக் காலத்தில் ஒரு மாணவன் என்னிடம், "சேர், நாங்கள் குண்டுதாரிக்கு மண்ணை மறுத்தோம், இப்போது எங்கள் உம்மாவுக்கு மண்ணை மறுக்கிறார்கள்" என்றான். இரண்டும் ஒன்றல்ல என்று அவனுக்கு விளங்கப்படுத்தினேன். ஒன்று, கொலையாளியின் செயலை ஏற்க மறுத்துச் சமூகம் தானாக எடுத்த முடிவு. மற்றையது, எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் மீது அரசு திணித்தது. அவன் தலையாட்டினான், ஆனால் அழுகை நிற்கவில்லை. மண்ணை மறுப்பது எவ்வளவு பாரமான செயல் என்பதை அன்றுதான் நான் உண்மையாக உணர்ந்தேன்.

பதில் 3: மட்டக்களப்பு: கிறிஸ்தவ வாசகர்

ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நான் சீயோன் தேவாலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வசிக்கிறேன். ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் அன்று செத்துப்போனார்கள். அவர்களில் ஒரு பிள்ளையின் தகப்பன் என்னோடு படித்தவர்.

அந்தக் குண்டுதாரியின் உடற்பாகங்களை 2019 ஆகஸ்டில் எங்கள் நகரத்துக் கள்ளியங்காடு மயானத்தில் புதைத்தபோது, சமய வித்தியாசம் இல்லாமல் சனங்கள் வீதியில் இறங்கினார்கள். நானும் போனேன். பிறகு அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். முஸ்லிம்களும் வேண்டாம் என்ற உடலை எங்கள் ஊர் மண்ணில் ஏன் போட வேண்டும் என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது. ஆகவே, கேள்வி கேட்டவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சமூகம் மறுத்துவிட்டால் அந்த உடல் மறைந்து போவதில்லை. அது இன்னொருவரின் வாசலுக்கு வருகிறது. ஆலிம் ஐயா சொன்ன அந்தப் பொறுப்பு எங்கள் ஊரில் யாராலும் ஏற்கப்படாமல் அலைந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஜனாஸாவை மறுத்தார்கள் என்ற செய்தி எனக்குப் பெரிய ஆறுதலைத் தரவில்லை. எனக்குத் தேவைப்பட்டது, யாருக்கு என்ன தெரிந்திருந்தது, யார் எதை மறைத்தார்கள் என்ற உண்மைதான். அதை அரசும் இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை, அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த சிலரும் சொல்லவில்லை. மாவனெல்லைச் சகோதரர் தலையில் சுடப்பட்ட செய்தியைத் தாக்குதல் நடந்து பல மாதங்களுக்குப் பிறகே நான் அறிந்தேன். அதை முதலிலேயே அறிந்திருந்தால், அந்த முதல் சில கிழமைகளில் என் மனதில் ஊறிய வெறுப்பு இவ்வளவு ஆழமாகப் போயிருக்காது என்று நம்புகிறேன்.

எங்கள் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, அடக்க நாளன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து, தேவாலயத்து மதிலோரம் தலையைக் குனிந்தபடி நின்றார். ஒன்றும் பேசவில்லை. சிலர் அவரை முறைத்துப் பார்த்தார்கள், அவர் போகவில்லை. சனங்கள் கலையும்வரை நின்றார். அறிக்கைகள் எல்லாம் எனக்கு மறந்துவிட்டன, அவர் நின்றது மறக்கவில்லை.

பதில் 4: பிரான்சிலிருந்து ஒரு வாசகர்

மட்டக்களப்பு வாசகர் சொன்னதை ஒட்டி ஒரு செய்தி. 2016 ஜூலை 26 அன்று, நார்மண்டியின் சேன்த்-எத்தியேன்-துய்-ரூவ்ரே என்ற சிற்றூரில், திருப்பலி நடத்திக்கொண்டிருந்த 85 வயதுப் பாதிரியார் ஜாக் அமேலைப் பீடத்தருகிலேயே இருவர் கழுத்தறுத்துக் கொன்றார்கள். அவ்வூர்ப் பள்ளிவாசல் கட்டப்பட்ட நிலமே கத்தோலிக்கப் பங்கு கொடுத்த நிலம். கொலையாளிகளில் ஒருவன் அதே ஊர்க்காரன். அவனுடைய அடக்கத்தில் பங்கெடுக்க மாட்டோம் என்று பள்ளிவாசல் பொறுப்பாளர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஞாயிறன்று ரூவான் பேராலயத்திலும் நாட்டின் பல ஆலயங்களிலும் முஸ்லிம்கள் திருப்பலிக்கு வந்து கிறிஸ்தவர்களோடு அமர்ந்தார்கள். மறுப்பதும் போய் உடன் அமர்வதும் அங்கே ஒரே வாரத்தில் நடந்தன. கோவையில் 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்பு கார் வெடித்த பிறகு, ஜமாஅத்தார் கோவிலுக்குச் சென்று அர்ச்சகர்களைச் சந்தித்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. மட்டக்களப்புச் சகோதரருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் நண்பருடைய பிள்ளைக்காகத் துஆச் செய்கிறேன்.

எங்கள் நிர்வாகக் குழுவில் நேற்று இதைப் பேசினோம். அப்படி ஒரு நிலை எங்களுக்கு வரவே கூடாது. வந்தால் இமாமும் நிர்வாகிகளும் தொழுகையில் நிற்பதில்லை, உடலை எங்கே அடக்கம் செய்வது என்பதை மாவட்ட நிர்வாகத்தோடு நாங்களே பேசி முடிப்பது, இன்னொருவர் வாசலில் போட்டுவிட்டு ஒதுங்குவதில்லை என்று முடிவாயிற்று. அதைவிட நீண்ட நேரம் பேசப்பட்டது வேறொன்று. தன் பிள்ளை கைப்பேசியில் எவனோ ஒருவனின் பேச்சைக் கேட்டுவிட்டு வாப்பாவையே காஃபிர் என்கிறான் என்று ஒரு தாய் கண்டால், அவர் பயமில்லாமல் யாரிடம் வந்து சொல்வார்? காவல்துறையிடம் போனால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்று அஞ்சுவார். எங்களிடம் வந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அஞ்சுவார். இதற்காக ஆலிம் ஒருவரையும், பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமா ஒருவரையும், வழக்கறிஞர் ஒருவரையும் பொறுப்பாக்கியிருக்கிறோம். தாய்மார்கள் முதலில் ஆலிமாவிடம்தான் வருவார்கள் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. அந்தத் தம்பியையும் உதவிக்குச் சேர்த்துக்கொண்டோம்.

வேலூர் ஆலிம் ஹஜ்ரத் அவர்களிடம் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த மூத்தவர் கேட்ட தாயைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

ஆலிமின் மறுமொழி

சொல்லாமல் விட்டது என் தவறு. ஜஅஃபர் (ரலி) அவர்கள் போரில் ஷஹீதான (உயிர்த்தியாகம் செய்த) செய்தி வந்தபோது, அவருடைய வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். துக்கம் அவர்களை அடுப்பருகே போக விடாது என்பதே காரணம். அந்தக் காரணம் இந்தத் தாய்க்கும் பொருந்துகிறது. மகன் செய்த கொலை அவர் மீது ஏறாது; ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆனின் தெளிவான வாக்கு. ஆகவே, நிர்வாகிகள் ஜனாஸாவுக்கு வராமல் இருக்கும் அதே நாளில், பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். யாரும் தடுக்க மாட்டார்கள் என்பதை நிர்வாகம் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது. நீங்கள் எழுதும் தீர்மானத்தில் இந்த ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.